ஒட்டு மாவும் ஒட்டுத் தென்னையும் ஒன்றல்ல

கேள்வி: நாங்க ஆனைமலைக்குப் பக்கமுங்க. எங்க அப்பாரு வெச்ச நெட்டைத் தோப்புல வேர் வாடல் வந்து ஒன்றரை ஏக்கர் மரத்தை வெட்டி எடுத்தாச்சு. மறுபடி பிள்ளை வெக்கோணும். வாய்க்கா ஓரமா எங்க ஐயன் வெச்ச ஒட்டுத் தென்னை முப்பது மரம் இருக்குதுங்க. நோய் இல்லாம நல்லா காய்க்குது. வெளிய காசு குடுத்து வாங்கறதுக்கு அதுலயே நெத்து எடுத்துக்கலாம்னு 150 நெத்தை மணல்ல பதிச்சேன். 110 முளைச்சுது. ஆனா பாருங்க, பாதிப் பிள்ளைக்கு மட்டை பழுப்பு, கொஞ்சத்துக்குப் பச்சை, சிலது செவ்விளநீர் மாதிரி ஆரஞ்சு, நாலே நாலு மஞ்சள். எல்லாம் அதே முப்பது மரத்து நெத்துதானுங்க. விதை கெட்டுப் போச்சுங்களா? தண்ணியில ஏதாச்சும் குறையா? என்ற மச்சான், "ஒட்டு மாமரத்துல இருந்து எடுத்து வெச்சா ஒட்டு மா தானே வருது, தென்னைக்கு மட்டும் என்ன? தைரியமா நடு"ங்கறாரு. நடலாமுங்களா?

பதில்: விதை கெடவில்லை. தண்ணீரிலும் குறை இல்லை. உங்கள் நாற்றங்கால் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் அந்த 110 பிள்ளைகளை ஒன்றரை ஏக்கரில் நடாதீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணம் கொஞ்சம் நீளம். படித்துவிட்டு மச்சானிடமும் கொடுங்கள்.

முதலில் அவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். "ஒட்டு" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒட்டு மா என்றால் நல்ல மரத்தின் குச்சியை வெட்டி, நாட்டு மாங்கன்றின் தண்டில் வைத்துக் கட்டுவது. அதில் பூ இல்லை, மகரந்தம் இல்லை, விதை இல்லை. தாய் மரத்தின் உடம்பே இன்னொரு வேரின் மேல் நின்று வளர்கிறது. அதனால் அச்சு அசலாக அதே மரம் வருகிறது. அதே ஒட்டு மாவின் கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் அதே பழம் வருமா என்று மச்சானைக் கேளுங்கள். வராது என்று அவருக்கே தெரியும்.

ஒட்டுத் தென்னை வேறு. அது "வீரிய ஒட்டு". நெட்டை மரத்துக் குரும்பையில் குட்டை மரத்து மகரந்தத்தைச் சேர்த்து (சில ரகங்களில் மாற்றியும்) உண்டாக்கிய நெத்திலிருந்து வந்த பிள்ளை. இது ஆணும் பெண்ணும் சேர்ந்து பிறந்தது. உங்கள் ஐயன் வாங்கி வைத்த முப்பது மரமும் அப்படிப் பிறந்த முதல் தலைமுறை. நீங்கள் மணலில் பதித்தது அவற்றின் பிள்ளைகளை, அதாவது இரண்டாம் தலைமுறையை. முதல் தலைமுறைக்கும் இரண்டாம் தலைமுறைக்கும் நடுவில் ஒரு குலுக்கல் நடந்திருக்கிறது. பழுப்பும் பச்சையும் ஆரஞ்சும் மஞ்சளும் அந்தக் குலுக்கலில் விழுந்த சீட்டுகள்.

நெட்டை, குட்டைக் கலப்பு நமக்குப் புதிதல்ல. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நீலேஸ்வரம் பண்ணையில் 1930களிலேயே ஜே.எஸ். பட்டேல் இதைச் செய்து பார்த்தார். கலப்புப் பிள்ளைகள் தாயையும் தகப்பனையும் விட வீரியமாக வளர்வதை 1937இல் எழுதினார். நெட்டை காய்ப்புக்கு வர 6 முதல் 8 வருஷம் ஆகும். குட்டை 3, 4 வருஷத்திலேயே பாளை விடும், ஆனால் கொப்பரைக்கு ஆகாது, ஆயுளும் குறைவு. கலப்பு மரம் 4, 5 வருஷத்தில் காய்க்கும், கொப்பரையும் நன்றாக இருக்கும். நம் தமிழ்நாட்டு வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.எச்.சி. ரகங்களும், காசர்கோட்டின் கேர சங்கரா, சந்திர சங்கரா ரகங்களும் இந்த வழியில் வந்தவைதான்.

இப்போது குலுக்கல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

உங்களிடம் 16 ஜோடிக் காளைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று உங்கள் ஐயன் பட்டியில் இருந்து வந்தது, இன்னொன்று உங்கள் அம்மா வீட்டுச் சீராக வந்தது. தென்னை மரத்தின் ஒவ்வொரு அணுவிலும் இப்படி 16 ஜோடி, ஆக 32 குரோமோசோம்கள் இருக்கின்றன. மரத்தின் குணம் எல்லாம் அவற்றின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மரபணுக்களில் இருக்கிறது. மரம் பாளை விடும்போது, மகரந்தத்துக்குள் ஓர் ஆண் அணுவையும் குரும்பைக்குள் ஒரு பெண் அணுவையும் செய்ய வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் இவற்றைக் கேமீட் என்றோ இனச்செல் என்றோ எழுதியிருப்பார்கள். முழு 32ஐயும் அதில் வைக்க முடியாது. வைத்தால் அடுத்த தலைமுறை 64 ஆகும், அதற்கடுத்தது 128 ஆகும். அதனால் ஒவ்வொரு ஜோடியையும் பிரித்து, ஒரு காளையை மட்டும் அனுப்புகிறது. ஒரு கேமீட்டில் 16 ஒற்றைக் காளைகள்.

எந்தக் காளை போகும்? இங்கேதான் விஷயம். ஐயன் பட்டிக் காளைகள் எல்லாம் ஒரு பக்கம், அம்மா வீட்டுக் காளைகள் எல்லாம் மறுபக்கம் என்று பிரிவதில்லை. முதல் ஜோடிக்கு ஒரு பூவா தலையா. இரண்டாம் ஜோடிக்குத் தனியாக இன்னொரு பூவா தலையா. முதல் ஜோடியில் எது விழுந்தது என்று இரண்டாம் ஜோடி கேட்டுக்கொண்டு நிற்காது. இப்படி 16 தடவை சுண்டினால் எத்தனை விதமான கேமீட் வரும்? 2ஐ 16 முறை பெருக்கிப் பாருங்கள்: 65,536. ஒரே மரம், ஒரே பாளை. இது மகரந்தத்தின் பக்கம் மட்டும். குரும்பையின் பக்கம் இன்னொரு 65,536. இதற்கு மேல், ஜோடி பிரிவதற்கு முன் இரண்டு குரோமோசோம்களும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதையும் சேர்த்தால் கணக்கே இல்லை. ஒரே குலையில் இரண்டு நெத்து ஒன்றுபோல அமையாததில் ஆச்சரியம் இல்லை.

உங்கள் நாற்றங்காலின் நிறங்களுக்கு வருகிறேன். தென்னையில் மட்டை நிறத்தையும் காய் நிறத்தையும் இரண்டு மரபணுக்கள் முக்கியமாக முடிவு செய்கின்றன. ஒன்றைச் "செம்மை" என்றும் மற்றதைப் "பச்சை" என்றும் வைத்துக்கொள்வோம். செம்மை மட்டும் இருந்தால் ஆரஞ்சு, அதாவது நம் செவ்விளநீர். பச்சை மட்டும் இருந்தால் பச்சை. இரண்டும் இருந்தால் கலந்து பழுப்பு. இரண்டுமே இல்லை என்றால் மஞ்சள். ஜோடியில் ஒன்றில் இருந்தாலே போதும், நிறம் தெரியும். (நடுவாந்திர நிறங்களும் வரும். சாயலைப் பார்த்து மிரள வேண்டாம்.)

செவ்விளநீர்க் குட்டையில் செம்மை ஜோடியாக இருக்கிறது, பச்சை இல்லவே இல்லை. பச்சை நெட்டையில் பச்சை ஜோடியாக இருக்கிறது, செம்மை இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத்தில் இருந்து ஒரு செம்மை, மறுபக்கத்தில் இருந்து ஒரு பச்சை வருகிறது. அத்தனையும் பழுப்பு, ஒன்றுகூடப் பிசகாது. உங்கள் ஐயனிடம் கேட்டுப் பாருங்கள், முப்பது பிள்ளையும் வாங்கும்போது மட்டை பழுப்பாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பழுப்பு மரம் பாளை விடும்போது செம்மை ஜோடியில் "இருக்கு" ஒன்று, "இல்லை" ஒன்று. பச்சை ஜோடியிலும் அப்படியே. இரண்டு ஜோடியும் தனித்தனியாகப் பிரிவதால் நான்கு விதக் கேமீட் வரும்: செம்மையும் பச்சையும் சேர்ந்தது, செம்மை மட்டும், பச்சை மட்டும், இரண்டும் இல்லாதது. நான்கும் சரிபாதிக்குப் பாதியாக, ஆளுக்குக் கால் பங்கு.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சாயங்காலம் இதை விளையாடிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயம் செம்மை, இரண்டு ரூபாய் நாணயம் பச்சை. தலை விழுந்தால் "இருக்கு", பூ விழுந்தால் "இல்லை". பெண் பிள்ளை இரண்டு நாணயத்தையும் ஒரு தடவை சுண்டினால் அது குரும்பை. பையன் ஒரு தடவை சுண்டினால் அது மகரந்தம். இருவருக்கும் சேர்த்து ஒரு ரூபாயில் ஒரு தலையாவது இருந்தால் செம்மை உண்டு. இரண்டு ரூபாயில் ஒரு தலையாவது இருந்தால் பச்சை உண்டு. நிறத்தை எழுதிக்கொண்டே வாருங்கள். 16 நெத்துக்கு 9 பழுப்பு, 3 பச்சை, 3 ஆரஞ்சு, 1 மஞ்சள் என்ற கணக்கைச் சுற்றித்தான் நிற்கும். 16 தடவையில் அப்படியே அமையாது. 160 தடவை சுண்டினால் கிட்டே வரும்.

இதைக் கண்டுபிடித்தவர் நாணயம் சுண்டவில்லை, பட்டாணி எண்ணினார். இன்றைய செக் நாட்டில் இருக்கிற பர்னோ ஊர் மடத்தில் துறவியாக இருந்த கிரிகோர் மெண்டல், உருண்டை மஞ்சள் பட்டாணியையும் சுருங்கிய பச்சைப் பட்டாணியையும் கலந்து, அதன் இரண்டாம் தலைமுறையில் 556 பட்டாணிகளை எடுத்து எண்ணினார். உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய பச்சை 32. உங்கள் நாற்றங்காலில் மஞ்சள் பிள்ளை எதுவோ, அவருடைய தோட்டத்தில் அந்த 32. 1865இல் அவர் இதைப் படித்துக் காட்டியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இறந்து 16 வருஷம் கழித்து, 1900இல்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. குரோமோசோம் என்ற ஒன்றையே அறியாமல், வெறும் எண்ணிக்கையை வைத்து, "ஜோடி பிரிகிறது, ஒவ்வொரு ஜோடியும் தன்போக்கில் பிரிகிறது" என்று அவர் சொன்னது நம் நாற்றங்கால் வரை சரியாக இருக்கிறது.

இனி உங்கள் 110 பிள்ளைகள் என்ன சொல்கின்றன என்று படிக்கலாம். பக்கத்துப் பச்சை நெட்டைத் தோப்பில் இருந்தே எல்லா மகரந்தமும் வந்திருந்தால், அதில் எப்போதும் ஒரு பச்சை இருக்கும். பிள்ளைகளில் பாதி பழுப்பு, பாதி பச்சை. ஆரஞ்சும் மஞ்சளும் தலைகாட்டவே முடியாது. உங்களுக்கு ஆரஞ்சும் வந்திருக்கிறது, மஞ்சளும் வந்திருக்கிறது. ஆக, முப்பது ஒட்டு மரங்களும் தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் யாராவது செவ்விளநீர் வைத்திருந்தால் அதுவும் ஆரஞ்சைக் கூட்டியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்க உள்ளுக்குள்ளேயே நடந்திருந்தால் 110இல் மஞ்சள் 7 போல வந்திருக்க வேண்டும். 4 வந்ததற்கு நெட்டை மகரந்தமும் கலந்தது காரணமாக இருக்கலாம், வெறும் குலுக்கலாகவும் இருக்கலாம். இத்தனை சின்ன எண்ணிக்கையில் அதற்கு மேல் சொல்லக்கூடாது.

"நிறம் மாறினால் என்ன, காய்த்தால் சரி" என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. நிறம் இரண்டு ஜோடி நாணயத்தில் முடிகிற விஷயம், அதுவும் முளைத்த கையோடு கண்ணுக்குத் தெரிகிற விஷயம். எத்தனை வருஷத்தில் பாளை விடும், குலைக்கு எத்தனை காய் நிற்கும், கொப்பரை எத்தனை கிராம், வறட்சியைத் தாங்குமா, நோயைத் தாங்குமா என்பதெல்லாம் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்வது. அவையும் இதே நாணயச் சுண்டலில்தான் பிரிந்தன. மட்டை நிறம் நான்காகப் பிரிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் அல்லவா, கண்ணுக்குத் தெரியாத மற்ற குணங்களும் அதேபோல் சிதறிக் கிடக்கின்றன. சில பிள்ளைகள் குட்டைப் பக்கம் சாயும், சில நெட்டைப் பக்கம் சாயும். ஒன்றிரண்டு உங்கள் ஐயன் மரத்தையே மிஞ்சவும் செய்யலாம். எது எது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

அதோடு வீரியமும் இறங்கும். முதல் தலைமுறையில் தாய்ப் பக்கம் சோடையான இடத்தைத் தகப்பன் பக்கம் மூடிக்கொள்ளும், தகப்பன் பக்கம் சோடையான இடத்தைத் தாய்ப் பக்கம் மூடிக்கொள்ளும். குலுக்கிப் போட்டதும் சில பிள்ளைகளில் சோடையும் சோடையும் ஜோடி சேர்ந்துவிடும். மூட ஆள் இல்லை.

இது கத்தரியாக இருந்தால் நானே "போட்டுத்தான் பாருங்களேன்" என்று சொல்லியிருப்பேன். ஒரு போகம் போனால் அடுத்த போகம். தென்னை அப்படி இல்லை. 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஏக்கருக்கு 70, ஒன்றரை ஏக்கருக்கு 105 மரம். அதில் எது வெட்டி என்று தெரிய 7, 8 வருஷம் ஆகும். அதற்குள் குழி, எரு, சொட்டு நீர், காண்டாமிருக வண்டுக்கு மருந்து என்று எல்லாச் செலவும் நல்ல மரத்துக்குச் செய்ததுபோலவே வெட்டி மரத்துக்கும் செய்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உடுமலைப் பக்கம் இப்படி இரண்டு ஏக்கர் வைத்தது. "ஒட்டு மரத்தில் எடுத்தது" என்று சொல்லி மலிவாகக் கொடுத்த நாற்று. ஒன்பதாம் வருஷம் நான் போனபோது ஒரு வரிசையில் ஒரு மரம் குலை தள்ளி நிற்கிறது, அடுத்தது அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் வெறும் ஓலை. கொடுத்தவரும் பொய் சொல்லவில்லை, ஒட்டு மரத்தில்தான் எடுத்திருக்கிறார். அந்தம்மா என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "வெட்டவும் மனசு வரலீங்க, வெச்சிருக்கவும் முடியலீங்க." பிள்ளை என்றே பெயர் வைத்து வளர்க்கிற மரம்.

இந்தக் குலுக்கலை வேண்டுமென்றே பண்ணி, அதிலேயே பெயர் வாங்கிய ஊர் நம் கோயமுத்தூர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கரும்பு எல்லா ஊரிலும் பூத்து விதை பிடிக்காது. கோயமுத்தூர்ச் சீதோஷ்ணத்தில் நன்றாகப் பூக்கும். அதனால்தான் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே வந்தது. பார்பரும் வெங்கட்ராமனும் சாப்பிடுகிற கரும்பையும் காட்டு நாணலையும் கலந்தார்கள். 1918இல் கோ 205 வெளிவந்து வடஇந்தியாவுக்குப் போனது. கரும்பின் குரோமோசோம்கள் நூற்றுக்கும் மேலே இருக்கும். தென்னையின் 16 ஜோடிக்கே 65,536 என்றால் கரும்புக்கு யோசித்துக்கொள்ளுங்கள். ஜானகி அம்மாள் 1930களில் இங்கே உட்கார்ந்து உருப்பெருக்கியில் எண்ணியது இந்தக் குரோமோசோம்களைத்தான். கரும்பு விதையை ஆயிரக்கணக்கில் முளைக்க வைத்து, ஏறக்குறைய அத்தனையையும் கழித்துக் கட்டி, தேறிய ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் குலுக்கலையே நிறுத்திவிடுவார்கள். கரணை போட்டு வளர்ப்பதால் பூவும் கேமீட்டும் அதில் வேலை செய்வதில்லை. பவானி ஆற்றுப் பாசனத்தில் இன்றைக்கு நிற்கிற கோ 86032 எந்த வயலில் இருந்தாலும் அதே ஒரு செடியின் உடம்புதான். வாழைக் கட்டையும் அப்படியே.

தென்னைக்கு அந்த வசதி இல்லை. பக்கக் கன்று விடாது, குச்சி நட்டால் வராது, ஒட்டுக் கட்ட முடியாது. நெத்து ஒன்றுதான் வழி, நெத்து என்றால் குலுக்கல்தான். முதல் தலைமுறை ஒட்டுப் பிள்ளை வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் ஆள் மரம் ஏறி, பாளையில் ஆண் பூவை நீக்கி, பை கட்டி, மகரந்தம் வைத்துத்தான் செய்ய வேண்டும். விலை கூடுவதற்குக் காரணம் அதுதான்.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று, உங்கள் அப்பாரு வைத்த நெட்டையில் மிச்சம் நிற்கிறதே, அதைப் பாருங்கள். "அதுவும் நெத்துதானே, அதிலும் குலுக்கல்தானே?" என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அங்கே குலுக்கப்படுகிற காளைகள் எல்லாம் நெட்டைப் பட்டியைச் சேர்ந்தவை. பிள்ளைகள் ஒன்றுபோல இருக்காது, ஆனாலும் நெட்டையின் எல்லைக்குள்தான் ஏறி இறங்கும், குட்டைக்கும் நெட்டைக்கும் நடுவே தாவாது. 25 வயதுக்கு மேல், வருஷா வருஷம் தவறாமல் 100 காய்க்குக் குறையாமல் காய்க்கிற, மட்டை குட்டையாகவும் வலுவாகவும் இருக்கிற, நோய் அண்டாத மரங்களாகப் பாருங்கள். எருக்குழிக்கும் சாணி மேட்டுக்கும் பக்கத்தில் நிற்கிற மரம் வேண்டாம். அது காய்ப்பது எருவின் புண்ணியம், நெத்தில் எரு வராது. ஒரே மரத்தில் எல்லா நெத்தும் எடுக்காமல் பத்துப் பதினைந்து மரத்தில் எடுங்கள். சீக்கிரம் முளைத்ததை வைத்துக்கொண்டு, 5 மாதம் தாண்டியும் முளைக்காததைத் தூக்கிப் போடுங்கள். ஒரு வருஷம் முடியும்போது தூர் 10 செ.மீ. சுற்றளவும் 6 ஓலையும் வந்த பிள்ளைகளை மட்டும் நடுங்கள். பாதிக்குப் பாதி கழிந்தாலும் பரவாயில்லை.

ஆனால் உங்கள் தோப்பில் வேர் வாடல் ஏற்கெனவே புகுந்துவிட்டது. 1882இல் கேரளத்து ஈராட்டுப்பேட்டையில் முதலில் தெரிந்த நோய் இன்று பொள்ளாச்சி வரை வந்து நிற்கிறது. எனக்கு இதற்கு மேல் உசிதமாகப் படுவது, நோயைத் தாங்குகிறது என்று காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்திருக்கிற கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா ரகங்களைக் கேட்டுப் பார்ப்பது. கல்பரக்‌ஷாவும் கல்பஸ்ரீயும் குட்டைகள். பெரும்பாலும் தன் பாளைக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்கிறவை என்பதால் ஜோடி இரண்டும் ஒன்றுபோல இருக்கும், குலுக்கினாலும் பெரிதாக மாறாது. கல்ப சங்கரா வீரிய ஒட்டு. அதை நட்டால், நாளைக்கு அதிலிருந்து நெத்து எடுத்து நடுகிற எண்ணம் வேண்டாம். தாங்கும் சக்தியும் மற்ற குணங்களோடு சேர்ந்து சிதறிப்போகும். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். நேரில் போய்ப் பதிவு செய்து வையுங்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். ஒரு வருஷம் நிலத்தில் உளுந்தோ நிலக்கடலையோ போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

தனியார் நாற்றுப் பண்ணைக்குப் போனால் "இது ஒட்டா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். "தாய் மரம் எது, மகரந்தம் எது, யார் சேர்த்தது?" என்று கேளுங்கள். நெட்டைக்கும் செவ்விளநீருக்கும் கலப்பு என்று சொன்னால் நாற்று வரிசையைப் பாருங்கள். செவ்விளநீர் தாயாக இருந்தால், நடுவில் நிற்கிற ஆரஞ்சுப் பிள்ளை கலப்பு ஆகாமல் தப்பியது. பச்சை நெட்டை தாயாக இருந்தால், பச்சைப் பிள்ளை தப்பியது. நல்ல பண்ணையில் அவற்றைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, மஞ்சள் நாலும் ஒரே வரிசையில் கலந்து நின்றால், அது உங்கள் மணல் பாத்தியைப் போன்ற இரண்டாம் தலைமுறை என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: கோபி பக்கமுங்க. போன போகம் போட்ட ஹைபிரிட் மக்காச்சோளத்தில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் "போடாதீங்க, வராது" என்கிறார். முளைக்க வைத்துப் பார்த்தேன், நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கிறது. விற்பனைக்காகப் பொய் சொல்கிறாரா?

பதில்: முளைக்காது என்று அவர் சொல்லியிருந்தால் தப்பு. "வராது" என்று சொன்னது சரி. மேலே ஆனைமலைக்காரருக்குச் சொன்ன அதே கதைதான். விதை முளைக்கும், பயிரும் வரும். ஆனால் ஒன்று இடுப்பளவு, ஒன்று ஆளுயரம், ஒன்று முன்னே பூக்கும், ஒன்று பின்னே பூக்கும், கதிர் சின்னதும் பெரிதுமாக இருக்கும். நல்ல கதிராகப் பார்த்து எடுத்ததிலும் பலன் இல்லை. கதிர் நன்றாக இருந்தது தாய்ச் செடியின் குணம், உள்ளே இருக்கிற ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் குலுக்கிய சீட்டு. வருஷா வருஷம் விதை வாங்க வைப்பதில் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குணத்தைக் கம்பெனி விதைக்குள் வைக்கவில்லை. கம்பெனிகள் வருவதற்கு முன்பே மெண்டலின் பட்டாணி இப்படித்தான் பிரிந்தது.

விதை எடுத்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். நெல், நிலக்கடலை, உளுந்து இவையெல்லாம் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்கிற பயிர்கள். "ரகம்" என்று போட்டு வாங்கியதாக இருந்தால் (ஹைபிரிட் நெல் வேறு கணக்கு) ஜோடியில் இரண்டு காளையும் ஒரே மாதிரி. எதைப் பிரித்து அனுப்பினாலும் அதேதான் போகும். கலப்பன் நீக்கி, நன்றாகக் காய வைத்து, இரண்டு மூன்று போகத்துக்குத் தாராளமாக எடுத்துப் போடலாம். பையில் "ரகம்" என்று இருக்கிறதா, "வீரிய ஒட்டு" அல்லது "ஹைபிரிட்" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எடுத்து வைத்த மக்காச்சோளத்தை மாட்டுக்குத் தீவனச்சோளமாக நெருக்கி விதைத்துவிடுங்கள், வீணாகாது.

ஆனைமலை வாசகருக்கு இன்னொன்று. 110 பிள்ளையையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. தூர் பருத்த பழுப்புப் பிள்ளைகளில் இரண்டோ மூன்றோ வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், காய்த்தால் வரவு. மஞ்சள் நாலில் ஒன்றையும் கிணற்றோரம் வையுங்கள், பார்க்க அழகாக இருக்கும். அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் நாற்றுப் படம் எடுக்கும்போது ஓலையை மட்டும் எடுக்காமல் தூரும் மட்டைக் காம்பும் தெரிகிற மாதிரி வெயிலில் எடுத்து அனுப்புங்கள். நிறம் பார்க்க வேண்டியது அங்கேதான்.